வளர்வது கலமா, கலமோட்டியா?

1981 நவம்பரில் கொலம்பியா விண்ணோடத்தில் முதன்முதலாகப் பறந்த கனடார்ம் 15.2 மீற்றர் நீளமும் ஏறத்தாழ 410 கிலோ எடையும் கொண்டது. ரொறன்ரோவின் ஸ்பார் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் தலைமையில் உருவான அந்த இயந்திரக் கைக்கு ஒரு விசித்திரமான குறை இருந்தது. பூமியில் அதனால் தன் எடையைக்கூடத் தூக்க முடியாது. அதன் மூட்டுகள் எடையற்ற வெளியில் பல தொன் செய்மதிகளை மெல்ல நகர்த்துவதற்கென்றே அமைக்கப்பட்டவை. ஆகவே அதை இயக்கவிருந்த விண்வெளி வீரர்களுக்கு உண்மைக் கையின் முழு அசைவையும் தரையில் வைத்துப் பழக வழியிருக்கவில்லை. கணினி உருவாக்கிய பாவனைக் காட்சியில், திரையில் தெரிந்த போலிக் கையை ஆட்டிப் பழகினார்கள். ஸ்பாரின் ரோபோப் பிரிவை 1999இல் வாங்கிய எம்.டி.ஏ. இன்று பிறம்ரனில் இருந்து இயங்குகிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் கனடார்ம்2ஐ இயக்கப் போகிறவர்கள் மொன்றியலுக்கு அருகேயுள்ள கனேடிய விண்வெளி முகவரகத்தில் இன்றைக்கும் பாவனைப் பயிற்சிதான் பெறுகிறார்கள். இடக்கையில் ஒரு பிடி, வலக்கையில் ஒரு பிடி. ஒன்று கையை முன்பின்னாக, மேல்கீழாக நகர்த்தும், மற்றது திருப்பும். பயிற்சியின் முதல் நாளிலும் கடைசி நாளிலும் அவர்கள் பிடிப்பது அதே இரண்டு பிடிகளைத்தான். இடைப்பட்ட காலத்தில் இயந்திரத்தில் எதுவும் கூடுவதில்லை. கூடுவதெல்லாம் இயக்குபவரிடம்.

பிறம்ரன் வீடுகளின் நிலக்கீழ் அறைகளில் நடக்கும் இன்னொரு விண்வெளிப் பயிற்சிக்கு இதை அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். விண்வெளி ஆய்வை மையமாகக் கொண்ட வீடியோ கேம்கள் ஏறத்தாழ எல்லாமே ஒரே கதையைத்தான் சொல்கின்றன. ஒட்டை உடைசலான ஒரு கலம், கையில் நாலு காசு, முன்பின் தெரியாத ஒரு கிரகம் என்று தொடங்கும். நூறு, இருநூறு மணித்தியாலங்களுக்குப் பிறகு கப்பற்படை, தளங்கள், செலவழித்து முடிக்க முடியாத பணம் என்று முடியும். அந்த முடிவு நிலையைத்தான் விளையாடுவோர் எண்ட்கேம் என்கிறார்கள். தொடக்கநிலையாளர் அங்கே போய்ச் சேர்வது எப்படி என்று ஆயிரக்கணக்கான வழிகாட்டிகள் இருக்கின்றன. போகிறவருக்கு வழியில் என்ன ஆகிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஒன்ராறியோவில் வாகனம் பழகுவதற்கான ஜி1 அனுமதிப்பத்திரத்தோடு தொடங்கும் பிள்ளைக்குத் தகப்பன் புதுக் கார் வாங்கிக் கொடுத்தால் கார்தான் மாறும். அந்தப் பிள்ளை முழு ஜி அனுமதிப்பத்திரம் எடுத்ததாகிவிடாது. என் வாதமும் இவ்வளவுதான்: விளையாடுபவரின் அறிவும் கைப்பழக்கமும் வளரும் கேம்களில் எண்ட்கேம் நிறைவானதாக இருக்கிறது, கலத்தின் கொள்ளளவு மட்டும் வளரும் கேம்களில் அது வெறுமையாக முடிகிறது. சோதிக்க எளிய வழி உண்டு. சேமித்து வைத்த விளையாட்டை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முதல் தடவை ஐம்பது மணித்தியாலம் எடுத்தவர் இம்முறை ஐந்தில் அங்கே நின்றால், அந்த வித்தியாசம்தான் அவர் கற்றது. மறுபடியும் நாற்பத்தைந்து எடுத்தால், முதல் தடவை அவர் செய்தது வேலைதான்.

இந்த வகைக்குத் தலைமகன் எலீற். கேம்பிறிட்ஜ் மாணவர்களான டேவிட் பிறேபனும் இயன் பெல்லும் எழுத, 1984இல் பிபிசி மைக்றோ கணினிக்கு வெளிவந்தது. இன்றைய கைத்தொலைபேசியில் ஒரு படத்துக்குக்கூடப் போதாத நினைவகத்தில், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள் கொண்ட எட்டு விண்மீன் மண்டலங்களை அடக்கிக் காட்டியது. லேவ் என்ற கோளின் அருகே 100 கிரெடிற்றோடு விளையாட்டு தொடங்கும். முதல் எதிரி கடற்கொள்ளையர் மாதிரி யாரோ அல்ல, விண்வெளி நிலையத்தின் வாசல். நிலையம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும். அதன் முகப்பில் ஒரு நீள்சதுரத் துவாரம். அதற்கு நேர் எதிரே வந்து, நிலையம் சுற்றும் வேகத்துக்குத் தன் கலத்தையும் உருட்டி, மெதுவாக உள்ளே நுழைய வேண்டும். கொஞ்சம் பிசகினால் மோதிச் சிதறல்தான். முதல் நாளில் செத்தவர்களில் பெரும்பாலானோர் வாசலிலேயே செத்தார்கள். பிறகு 1,500 கிரெடிற் சேர்ந்ததும் தானாக நுழைத்துவிடும் கணினி ஒன்றை வாங்கலாம். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். அந்தப் பணத்தைச் சேர்ப்பதற்குள் பல தடவை கையாலேயே நுழைந்து பழகியிருப்போம். பொருள் இங்கே கற்றலுக்குப் பின்னால் வருகிறது. கற்றதன் சலிப்பிலிருந்து விடுதலை தருகிறது. எலீற்றின் பட்டப்பெயர் ஏணியைப் பற்றி அப்படிப் பெருமையாகச் சொல்ல முடியாது. தீங்கற்றவர் என்ற அடிப்படியிலிருந்து எலீற் என்ற உச்சிக்கு ஏற 6,400 கலங்களை வீழ்த்த வேண்டும். அது திறமையை அளக்கவில்லை, எண்ணிக்கையைக் கூட்டியது. ஆக, கற்பதும் சேர்ப்பதும் என்ற இரண்டு வழிகளும் இந்த முதல் விளையாட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பின்னால் வந்தவர்கள் இரண்டில் எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதில்தான் பிரிவு.

கற்பதைப் பிடித்துக்கொண்டவற்றில் முதன்மையானது கேர்பல் ஸ்பேஸ் புறோகிராம். மெக்சிக்கோ நகரத்தில் ஸ்குவாட் என்ற நிறுவனத்தில் வேலைசெய்த ஃபெலிப்பே ஃபலாங்கே தொடங்கிய இந்த விளையாட்டின் முதல் பொது வெளியீடு 2011 ஜூனில் வந்தது. முழுப் பதிப்பு 2015 ஏப்ரலில். பச்சை நிறக் குட்டி மனிதர்களும் வெடித்துச் சிதறும் ராக்கெற்றுகளும் பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டுப் போலத்தான். உள்ளே ஓடுவது நியூற்றனின் இயக்கவியல். கேர்பின் என்ற அதன் பூமிக்கு ஆரை 600 கிலோமீற்றர். வளிமண்டலம் 70 கிலோமீற்றரில் முடிகிறது. புதியவர் எல்லோரும் செய்யும் முதற்பிழை ஒன்றே: நேரே மேலே போவது. 70 கிலோமீற்றரைத் தாண்டியதும் விண்வெளிக்கு வந்துவிட்டோம் என்று மகிழ்வார், எரிபொருள் தீரும், ஏறிய வழியாலேயே விழுவார். சுற்றுப்பாதை என்பது உயரத்தில் இல்லை, பக்கவாட்டு வேகத்தில் இருக்கிறது. கிளம்பிச் சற்று நேரத்திலேயே கிழக்குப் பக்கமாகச் சாயத் தொடங்கி, வினாடிக்கு ஏறத்தாழ 2,300 மீற்றர் வேகத்தைப் படுக்கைவாட்டில் எட்ட வேண்டும். இது புரிகிற கணத்தில் விளையாட்டே மாறிப்போகிறது. அன்றைக்கு அவர் கையில் இருக்கும் உதிரிப் பாகங்கள் நேற்றைய அதே பாகங்கள்தான். அந்த விளையாட்டிலும் அறிவியல் புள்ளிகள், தொழில்நுட்ப மரம் என்று சேர்க்கும் ஏணி ஒன்று இல்லாமல் இல்லை. ஆள் ஏறும் கலத்தை முதலிலேயே கொடுத்துவிட்டு, ஆளில்லாக் கலத்தைப் பிறகு உழைத்துத் திறக்கச் சொல்லும் தலைகீழ் மரம் அது. ஆனால் அனுபவசாலி ஒருவர் அந்த மரத்தின் அடிக்கிளைப் பாகங்களை மட்டும் வைத்துக்கொண்டே நிலவுக்குப் போய்வருவார். உச்சிக்கிளைப் பாகங்கள் எல்லாம் கிடைத்த புதியவரால் சுற்றுப்பாதைக்குக்கூடப் போக முடியாது. எங்கே வளர்ச்சி நடந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அடுத்த படி இன்னும் சுவையானது. ஒரே சுற்றுப்பாதையில் நமக்கு முன்னால் ஒரு கலம் போகிறது. அதைப் பிடிக்க வேண்டும். முன்னோக்கி இயந்திரத்தை எரித்தால் நமது பாதை உயர்கிறது. உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுச் சுற்ற அதிக நேரம் எடுக்கும். ஆகவே நாம் மேலும் பின்தங்குவோம். பிடிக்க வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும். தரையில் வாழ்ந்து பழகிய எந்த மூளையும் இதை லேசில் ஏற்காது. 1965 ஜூனில் ஜெமினி 4இல் பறந்த ஜேம்ஸ் மக்டிவிற், தன்னைக் கொண்டுவந்துவிட்ட ராக்கெற்றின் மேற்பகுதியை நெருங்க முயன்றபோது, அதை நோக்கி உந்த உந்த அது விலகிப் போனது. கடைசியில் எரிபொருளை மிச்சம் பிடிக்க முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று. தேர்ந்த சோதனை விமானி அவர். சந்திப்பு கணக்கில் தெரியாத விடயமும் இல்லை; அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பஸ் ஆல்ட்றின் எம்.ஐ.ரி.யில் விண்கலச் சந்திப்பைப் பற்றியே முனைவர் பட்டத்துக்கு எழுதியிருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜெமினி 6ஏயும் ஜெமினி 7உம் முறைப்படி சந்தித்தன. நாசா அந்த ஆறு மாதத்தில் கடந்த இடத்தைப் பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று தன் கணினியில் இரண்டு மூன்று மாலைகளில் கடக்கிறது. அதனால் அந்தப் பிள்ளை விண்வெளி வீரர் ஆகிவிட்டது என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் அதற்குள் புகுந்தது உண்மையான இயற்பியல். விளையாட்டை மூடினாலும் அது அங்கேயே கிடக்கும்.

எதிர்த்துருவத்தில் நிறுத்த வேண்டியது 2016 ஓகஸ்டில் வந்த நோ மான்ஸ் ஸ்கை. இங்கிலாந்தின் கில்ட்ஃபோட் நகரத்தில் ஷோன் மறேயின் ஹலோ கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. 2இன் 64ஆம் அடுக்கு, அதாவது 18க்குப் பின்னால் பதினெட்டுப் பூச்சியம் போடும் அளவு கோள்கள். எண்ணைக் கேட்டே உலகம் மயங்கியது. விளையாட்டு எப்படித் தொடங்கும் என்றால், பழுதான கலத்துக்குப் பக்கத்தில், நச்சுக் காற்றிலோ கடுங்குளிரிலோ நிற்போம். பாறையைச் சுட்டுத் தாது எடுத்து, கலத்தைத் திருத்திக்கொண்டு புறப்பட வேண்டும். முதல் மணித்தியாலம் அருமையானது. கெடுதி என்னவென்றால் நூறாவது மணித்தியாலமும் கிட்டத்தட்ட அதேதான்: பாறையைச் சுடு, பையை நிரப்பு, விற்று இன்னும் பெரிய பை வாங்கு. வளர்ந்ததெல்லாம் பையில் இருந்த கட்டங்கள். விண்மீன் மண்டலத்தின் மையத்துக்குப் போவதே பெரும் இலக்கு என்று சொல்லப்பட்டது. போய்ச் சேர்ந்தவர் அடுத்த மண்டலத்தின் ஓரத்தில், மறுபடியும் பழுதான கலத்தோடு இறக்கிவிடப்பட்டார். அந்த ஆண்டு எழுந்த கோபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன என்பதை மறைக்கக் கூடாது. வெளியான நாளிலேயே ஒரே இடத்தில் போய் நின்ற இருவர் ஒருவரை ஒருவர் காண முடியாமல் போனது, எதிர்பார்க்க வைக்கப்பட்டதற்கும் கொடுக்கப்பட்டதற்கும் இருந்த இடைவெளியின் அடையாளமானது. இருந்தாலும் கூட்டாக விளையாடும் வசதி அன்றே இருந்திருந்தால்கூட, மையத்தில் காத்திருந்த ஏமாற்றம் அப்படியேதான் இருந்திருக்கும்.

இதே விளையாட்டைக் காட்டித்தான் என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பையும் சொல்லலாம். நோ மான்ஸ் ஸ்கை விழுந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டது. 2016 நவம்பர் தொடங்கித் தளம் கட்டுதல், சரக்குக் கப்பல்கள், வாகனங்கள் என்று இலவசப் புதுப்பிப்புகள் வந்தன. 2018 ஜூலையில் நெக்ஸ்ற் வந்து முழுமையான கூட்டு விளையாட்டைக் கொண்டுவந்தது. சேர்ப்பதற்கு மேலும் மேலும் பொருள்களைக் கொட்டித்தானே அது மீண்டது, பிறகு சேர்ப்பதில் என்ன குறை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வந்த பொருள்களின் தன்மையைப் பார்க்க வேண்டும். ஒரு சுத்திகரிப்புக் கருவியில் குளோரினையும் ஒட்சிசனையும் சேர்த்தால் போட்டதைவிட அதிகமாகக் குளோரின் கிடைக்கும் என்று கண்டுபிடிப்பவர் ஒரு விதியைக் கற்கிறார். சந்திக்கும் பயணிகள் காட்டும் கல்லறைகளில் ஒவ்வொன்றாகப் பதினாறு குறியெழுத்துகளைச் சேர்த்துக்கொண்டால், வாயில் ஒன்றைத் திறந்து விரும்பிய முகவரிக்குப் போகலாம். அதற்குப் பிறகு வேறொருவர் சொன்ன கோளைத் தேடிப் போகும் வழி தெரிந்துவிடுகிறது. அதைவிட முக்கியமானது 2021இல் வந்த எக்ஸ்பெடிஷன்ஸ். குறிப்பிட்ட சில வாரங்களுக்கு எல்லோரையும் வெறுங்கையோடு ஒரே இடத்தில் இறக்கி, குறித்த பாதையில் போகவிடும் முறை அது. ஆயிரம் மணித்தியாலம் ஆடிக் கோடிக்கணக்கில் சேர்த்தவர்களும் அதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு அதில் போய்ச் சேர்கிறார்கள். புதியவர் மூன்று நாள் தடுமாறும் இடத்தை அவர்கள் ஒரு மாலையில் கடக்கிறார்கள். அழித்துவிட்டுத் தொடங்கும் சோதனையையே அந்த விளையாட்டு தன் திருவிழாவாக ஆக்கிக்கொண்டது.

நமது ஊர்க்கதைக்கு வருவோம். ரொறன்ரோவில் ஜங்ஷன் றையாங்கிள் பகுதியின் வாலஸ் அவெனியூவில் உள்ள யூபிசொஃப்ற் ரொறன்ரோ 2018 ஒக்ரோபரில் ஸ்ரார்லிங்க்: பற்றில் ஃபோர் அற்லஸ் என்ற விண்வெளி விளையாட்டை வெளியிட்டது. ஒன்ராறியோ அரசு பத்தாண்டுகளில் 263 மில்லியன் டொலர் தருவதாக 2009இல் உடன்பட்டு வரவழைத்த நிறுவனம் அது. ஆகவே வரி கட்டுகிறவர்கள் அதன் வேலையைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்பதில் தப்பில்லை. ஏழு கோள்கள் கொண்ட அற்லஸ் தொகுதி. தரையில் தாழப் பறந்தபடியே இடைவெட்டு இல்லாமல் மேலெழும்பி விண்வெளிக்குப் போகலாம். அந்த ஏற்றம் அழகாகச் செய்யப்பட்டிருந்தது. எதிரிப் படையின் கட்டமைப்பும் யோசித்துச் செய்யப்பட்டதுதான்: வெளியில் நிற்கும் பெருங்கப்பல்கள் கோள்களுக்குப் பெரும் இயந்திரங்களை அனுப்பும், அவை தரையில் உறிஞ்சிக் கருவிகளைப் பரப்பும், எதை முதலில் அடிப்பது என்று கணக்குப் போட வேண்டும். கோளாறு வேறிடத்தில். கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின் மேல் ஒரு பிளாஸ்ரிக் கலத்தைப் பொருத்தி விளையாடலாம். விமானி பொம்மை, அதன்மேல் உடல், பக்கத்தில் இறக்கைகள், இறக்கைகளில் ஆயுதங்கள். கழற்றி மாற்றினால் திரையிலும் உடனே மாறும். கலம், விமானி, ஆயுதம் எல்லாம் கடையில் தனித்தனிப் பொதிகளாக விற்கப்பட்டன. ஒரு கலம் வீழ்ந்தால், இன்னொரு கலம் சொந்தமாக வைத்திருப்பவர் அதே இடத்தில் அதை மாட்டிக்கொண்டு சண்டையைத் தொடரலாம். ஒன்றே வைத்திருப்பவர் பின்வாங்கித் திரும்ப வர வேண்டும். சில புதிர்களுக்குக் குறிப்பிட்ட வகை ஆயுதம் கையில் இருக்க வேண்டும். எலீற்றில் நுழைவுக் கணினி கற்றலுக்குப் பின்னால் வந்தது; இங்கே பொம்மை கற்றலுக்கு முன்னால் வந்து நின்று, பிழைவிடும் உரிமைக்கே விலை போட்டது. பொம்மைகளோடு விளையாடும் கேம்களின் காலமும் அப்போது முடிந்துகொண்டிருந்தது. டிஸ்னி இன்ஃபினிற்றி 2016இலும் லெகோ டைமென்ஷன்ஸ் அடுத்த ஆண்டிலும் நின்றுபோயிருந்தன. விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை என்று சொல்லி, 2019 ஏப்ரலில் யூபிசொஃப்ற் புதிய பொம்மைகளை நிறுத்தியது. திறமைசாலிகள் செய்த நல்ல விளையாட்டு ஒன்று, வளர்ச்சியைப் பெட்டியில் அடைத்து விற்கப்போய்க் கெட்டது என்பதே என் முடிவு.

பொருளை அடியோடு ஒழித்துக் காட்டிய விளையாட்டும் உண்டு. 2019இல் வந்த அவுற்றர் வைல்ட்ஸ், அலெக்ஸ் பீச்சம் தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு பாஃப்ராவின் சிறந்த விளையாட்டு விருதைப் பெற்றது. அதில் கலம் கடைசிவரை அதே மரக்கலம்தான். வாங்க எதுவும் இல்லை, லெவலும் இல்லை. இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை எல்லாம் தொடக்கத்துக்குத் திரும்பும். அறிந்தது மட்டும் கலத்தின் குறிப்பேட்டில் தங்கும். வழி தெரிந்தவர் முதல் சுற்றிலேயே முடிவுக்குப் போகலாம். தெரியாதவருக்கு இருபது மணித்தியாலம். இதற்கு மேல் சொன்னால் விளையாடப்போகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள். 2023 செப்ரெம்பரில் வந்த பெதெஸ்டாவின் ஸ்ரார்ஃபீல்ட் இதே எண்ணத்தைப் பாதி வழியில் பிடித்தது. அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கோள்கள். சேர்த்த கலங்கள், தளங்கள், பணம் எல்லாவற்றையும் கதையின் முடிவில் விட்டுவிட்டு, கற்ற திறன்களோடு மட்டும் புதிய பிரபஞ்சத்துக்குள் நுழையலாம். துறவு போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு மறுபிறவிக்கும் இன்னும் சிறந்த கவச உடையும் கலமும் பரிசு என்று வைத்ததால், பத்தாவது பிறவிவரை அவசரமாக ஓடுகிறவர்கள் உருவானார்கள். துறவையும் சேமிப்புக் கணக்காக மாற்றிவிட்டார்கள்.

அறிவை நம்பும் விளையாட்டுகளுக்கும் குறை உண்டு. அவுற்றர் வைல்ட்ஸை ஒரு தடவைதான் உண்மையாக விளையாட முடியும். தெரிந்துகொண்டதை மறக்க முடியாது. கேர்பலில் சுற்றுப்பாதையைத் தொடும் முன்பே கைவிட்டவர்கள் நிறையப் பேர். அதோடு, இன்றைக்கு எந்த அறிவும் யூரியூப்பில் இலவசமாகக் கிடக்கிறது. பார்த்து அப்படியே செய்தால் அறிவும் வாங்கிய பொருள் போலத்தானே என்றும் கேட்பார்கள். செய்முறை விளக்கத்துக்கும் கைப்பழக்கத்துக்கும் உள்ள தூரத்தை ஜெமினி 4 காட்டிவிட்டது. பிடிக்க வேண்டுமென்றால் மெதுவாக்கு என்ற ஒரு வரியை யாரும் ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். எவ்வளவு மெதுவாக்குவது, எப்போது, இரண்டு பாதைகளும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் தானே பத்துத் தடவை தவறவிட்டால்தான் கைக்கு வரும். தவறுவதற்கு அங்கே செலவு இல்லை என்பதே அந்த விளையாட்டின் மிகப் பெரிய கொடை; ராக்கெற் வெடிக்கும், சிரிப்பு வரும், திரும்பக் கட்டலாம். கருவிகளைச் சேர்க்கும் விளையாட்டில் இரண்டு மணித்தியாலச் சேமிப்பு ஒரே மோதலில் போகும்போது சிரிப்பு வராது. அங்கே தோல்வி எதையும் கற்பிப்பதில்லை, அபராதம் மட்டும் விதிக்கிறது.

இன்னொரு மறுப்பை நான் பாதிக்கு மேல் ஏற்றுக்கொள்கிறேன். ஏயர்போட் றோட்டின் பண்டகசாலை ஒன்றில் பத்து மணித்தியாலம் நின்று பெட்டி தூக்கிவிட்டு வருகிறவருக்கு இரவில் சுற்றுப்பாதைக் கணக்குத் தேவையில்லை. ஊதா வானத்தின் கீழ் பாறையைச் சுட்டுக்கொண்டு, பை நிறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு ஆறுதல். அதில் ஒரு தப்பும் இல்லை. ஓய்வை ஓய்வென்றே எடுத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு வருகிறவரிடம் நாள்தோறும் கையெழுத்து வாங்குவது போலப் பணிகளைக் கொடுத்து, வராவிட்டால் பரிசு போய்விடும் என்று பயமுறுத்தி, கடைசியில் அந்த உழைப்பைக் குறைக்கக் காசு கேட்பதுதான் தப்பு. ஐஸ்லாந்தின் சி.சி.பி. 2003 முதல் நடத்திவரும் விண்வெளி விளையாட்டான ஈவ் ஒன்லைனில் திறன்கள் நிஜ நேரத்தில், நாம் உறங்கும்போதும் வளரும். பொறுமைக்கே மதிப்பென்று பல ஆண்டுகள் அப்படி இருந்தது. 2016 பெப்ரவரியில் ஒருவரின் திறன் புள்ளிகளைப் பிரித்தெடுத்து இன்னொருவருக்கு விற்கலாம் என்று வந்தது. விளையாட்டு செத்துவிடவில்லை, அதன் உண்மையான எண்ட்கேம் திறன் புள்ளியில் இருக்கவே இல்லை என்பதுதான் காரணம். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில் நடந்த போரில் 7,500க்கு மேற்பட்டோர் ஒரு நாள் முழுக்க மோதினார்கள்; 75 ராட்சதக் கப்பல்கள் அழிந்தன; இழப்பின் மதிப்பு மூன்று இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் என்று கணித்தார்கள். தொடக்கம், ஒரு கூட்டணி தன் நிலையத்துக்கு உரிய கட்டணத்தைக் கட்டத் தவறியது. அந்தக் கப்பல்களைக் காசு கொடுத்து வாங்கலாம். ஆயிரம் பேரை நள்ளிரவில் எழுப்பி ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் தலைமையை வாங்க முடியாது. அதுவும் கற்றதுதான், ஆனால் மனிதரைப் பற்றிய கல்வி.

நம்மவர் வீடுகளில் இந்தப் பேச்சு பெரும்பாலும் எத்தனை மணித்தியாலம் என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. மணித்தியாலக் கணக்கு தேவைதான். பள்ளிக்கூடமும் நித்திரையும் இருக்கின்றன. ஆனால் ஒரே இரண்டு மணித்தியாலம் கேர்பலில் போவதும் நாளாந்தப் பரிசுக்காகப் போவதும் ஒன்றல்ல. கனடார்மின் வாரிசுகள் உருவாகும் நகரத்தில் இருந்துகொண்டு, விண்வெளி விளையாட்டு ஆடினால் பிள்ளை எம்.டி.ஏ.யில் பொறியியலாளர் ஆகிவிடும் என்று கனவு காண்பதும் வேண்டாம். அதற்குக் கணிதமும் பல்கலைக்கழகமும் வேறாக இருக்கின்றன. விளையாட்டு தரக்கூடியது ஒரு உள்ளுணர்வு மட்டும். பிறகு வகுப்பறையில் சமன்பாடு வரும்போது, இது எனக்குத் தெரிந்த இடம் என்று தோன்றும் அளவுக்கு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் பரிந்துரை இது. கேர்பலின் முதல் விளையாட்டை வாங்குங்கள். 2023இல் அரைகுறையாக வெளிவந்து, உருவாக்கிய குழுவே கலைக்கப்பட்ட இரண்டாவதை வாங்க வேண்டாம். அதில் அறிவியல் முறையைத் தெரிவுசெய்து, நிலவில் ஒரு தடவை உடையாமல் இறங்கும்வரை எந்தக் காணொளியையும் பார்க்காதீர்கள். இறங்கிய பிறகு பாருங்கள். அப்போதுதான் அதில் சொல்வது விளங்கும். பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், பெட்டியின் மேல் எத்தனை கோள்கள் என்று போட்டிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, உள்ளே பிறகு வாங்கச் சொல்லி எத்தனை பொருள்கள் வைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.